நர்ஸம்மா வூட்டுக்காரரு

இந்த வருடம் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, எத்தனையோ பேர் மாட்டிக் கழற்றிய ஒரு ஹெல்மெட்டுக்குள் என் தலையை நுழைத்தேன். பிறர் வியர்வை, யாரோ தெளித்திருந்த சென்ட், தேங்காயெண்ணெய் எல்லாம் ஒன்றாக மூக்கில் ஏறின. கழற்றிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்தத் தேங்காயெண்ணெய் மட்டும் விடவில்லை. எதிர்காற்றில் முகத்தில் வந்து மோதும் தேங்காயெண்ணெயை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் தினமும் காலையில் அதன் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்குப் போனேன்.

அதற்கு வருகிறேன். அதற்கு முன், அறுபத்தெட்டு வயதில் ஒருவன் எதற்காக அந்த ஹெல்மெட்டுக்குள் தலையை விட்டான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி கஸ்தூரி கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். உத்திரமேரூரைச் சுற்றி அவள் கால் படாத கிராமம் குறைவு. அவள் பிரசவம் பார்த்த பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்து, அவற்றில் சிலதுக்குக் கல்யாணமும் ஆகிறது. பத்திரிகை வைக்க வருகிறவர்கள் "நர்ஸம்மா வராம தாலி கட்ட மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆனால் அவளுடைய இடது முழங்கால் மடங்காது. டவுன் பஸ் படி அவளுக்கு மலை. மகன் சென்னைக்கு வேலைக்குப் போனபோது விட்டுச்சென்ற மோட்டார் சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறது. நான் கற்றுக்கொண்டு அவளை ஏற்றிப் போகிறேன் என்றேன்.

"கத்துக்கோங்க. நல்லா ஓட்டுங்க. நான் பின்னாடி குந்த மாட்டேன்" என்றாள்.

"ஏன், பயமா?"

"பயமெல்லாம் இல்ல. குந்த மாட்டேன், அவ்ளோதான்."

எனக்குப் புரியவில்லை. ஓட்டிக் காட்டினால் மனம் மாறிவிடும் என்று நினைத்தேன். மகன் போனில், "ஓட்டறதுன்னா பாதுகாப்புப் பயிற்சியில சேர்ந்து ஓட்டுங்கப்பா. இல்லன்னா சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்துடுவேன்" என்று மிரட்டினான். ஓரிக்கைப் பாலம் தாண்டி ஒரு திடலில், புதிதாகக் கற்பவர்களுக்குச் சனி, ஞாயிறுகளில் பயிற்சி நடந்தது. சேர்ந்துவிட்டேன்.

என்னைத் தவிர எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள் என்று நினைத்துப் போனால், தாமலிலிருந்து ஏகாம்பரம் என்றொருவர் வந்திருந்தார். பட்டுச்சேலை வியாபாரம். கனத்த உடம்பு. ஐம்பது வயதுக்கு மேல் அவருக்கும் இது முதல் தடவை. நாங்கள் இருவரும் கடைசி பெஞ்சு மாணவர்களைப் போல ஒட்டிக்கொண்டோம். பயிற்சியாளர் தினேஷுக்கு என் மகன் வயதுகூட இருக்காது. முதல் நாளே என்னை "நைனா" ஆக்கிவிட்டார்.

வண்டியில் உட்காரும் முன்பே எத்தனை சங்கதிகள்! டயரை அழுத்திப் பார்க்க வேண்டும். கண்ணாடியைத் திருப்பி வைக்க வேண்டும். பிரேக்கை நான்கு விரல்களாலும் சேர்த்துக் கவ்வக் கூடாது. எல்லாவற்றுக்கும் நான் "ஏன்?" என்று கேட்டேன். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தினேன், பிள்ளைகள் ஒருமுறைகூட என்னை "ஏன்?" என்று கேட்டதில்லை. அந்தக் கேள்விகளையெல்லாம் நானே கேட்டுத் தீர்த்துக்கொண்டேன் போலிருக்கிறது. எட்டுப் போடச் சொன்னபோது, பழைய தமிழ் எண்களில் எட்டு என்பது 'அ' மாதிரி இருக்கும், அதைப் போடச் சொல்லியிருந்தால் இந்த மாவட்டத்தில் ஒருவருக்கும் லைசென்ஸ் கிடைத்திருக்காது என்று சொன்னேன். ஏகாம்பரம் மட்டும் சிரித்தார். பிறகு தரையில் வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்புகளைச் சுற்றி நான் எட்டுப் போட்டேன். அது தமிழ் எட்டாகவே வந்தது.

"நைனா, கூம்பைப் பாக்காதீங்க. போவ வேண்டிய எடத்தைப் பாருங்க. எங்க பாக்கறீங்களோ அங்கதான் வண்டி போவும்" என்றார் தினேஷ்.

மறுபடி போட்டேன்.

"இன்னா நைனா, எடது பக்கமே திரும்பிக்கினு கீறீங்க? அங்க இன்னா கீது?"

"யாரோ கையாட்டிக்கினு கீறாங்க போல" என்றார் ஏகாம்பரம்.

அங்கே யாரும் இல்லை. ஒரு காலி மனையும் இரண்டு ஆடுகளும்தான். ஆனாலும் என் கழுத்து தானாக இடது பக்கம் திரும்பியது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் பிடிபட்டது. இரண்டு சக்கரத்தில் நான் பார்த்த உலகமெல்லாம் இடது பக்கத்து உலகம். முன்னால் தெரிந்தது ஒரு பின்னல்.

இப்போது அந்தத் தேங்காயெண்ணெய்க்கு வருகிறேன்.

கல்யாணமான புதிதில் நாங்கள் உத்திரமேரூரில் வாடகை வீட்டில் இருந்தோம். என் பள்ளிக்கூடம் சாலவாக்கம் போகிற வழியில் ஒரு கிராமத்தில். அவளுடைய துணை சுகாதார நிலையம் அதையும் தாண்டி. அவளைப் போன்ற செவிலியர்களுக்கு மொபெட் வாங்கிக்கொள்ளத் துறையில் ஏற்பாடு செய்தார்கள். கோடையில் ஏரி வற்றிக் கிடந்தது. வெடித்த ஏரித் தரையில் அவளாகவே ஓட்டிப் பழகினாள். நான் கரைமேல் நின்று பார்த்தேன். நானும் ஒரு தடவை ஏறினேன். வேலிக்காத்தான் புதரில் போய் நின்றேன். முள் எடுக்கும்போது அவள் சிரித்துவிட்டாள். அதன்பிறகு நான் அந்த வண்டியின் கைப்பிடியைத் தொடவில்லை. படித்தவனுக்கு எதிலும் முதல் தடவையே தேறிவிட வேண்டும். இல்லையென்றால் அது கற்கத் தகாத வித்தை ஆகிவிடும்.

ஆகவே பின்னால், இடது பக்கம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். மடியில் அவளுடைய மருந்துப் பை. டெட்டால், பெட்ரோலில் கலந்த ஆயிலின் புகை, அவள் தலை எண்ணெய், மூன்றும் சேர்ந்ததுதான் அப்போது என் காலை. வழியெல்லாம் அவளை நிறுத்துவார்கள். "நர்ஸம்மா, கொயந்தைக்கு ஜொரம்." "நர்ஸம்மா, மருமவளுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு கீது." நான் பின்னால் அமர்ந்து இடது பக்கத்து வயலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் யாரோ ஒரு பெரியவர் "இவரு யாரு?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "இவரா? நர்ஸம்மா வூட்டுக்காரரு" என்றார்.

அதிலிருந்து எனக்கு அதுதான் பேர். எம்.ஏ. படித்து, சர்க்கார் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் பிடிக்கிறவனுக்குப் பேர் நர்ஸம்மா வூட்டுக்காரரு. டீக்கடையில் "சார், கெட்டியா புட்சிக்கோங்க, நர்ஸம்மா ஸ்பீடா போவாங்க" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் இருந்தார். தினமும் காலையில், "இன்னா சார், இன்னிக்கும் லேடீஸ் சீட்டா?" என்று கேட்பார். ஆசிரியர் அறையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். பள்ளிக்கு முன்பாகவே, ரோட்டுப் புளியமரத்தடியில் இறக்கிவிடும்படி கஸ்தூரியிடம் சொன்னேன். நடந்தால் உடம்புக்கு நல்லது என்று காரணம் சொன்னேன். மறுநாளிலிருந்து அவள் அங்கேயே நிறுத்தினாள்.

மாசி, பங்குனியில் எங்கள் பக்கம் தார் ரோட்டில் உளுந்துச் செடியைப் பிடுங்கிவந்து பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்தால் பயறு உதிர்ந்துவிடும். களம் இல்லாத கூலிக்காரர்களுக்கு ரோடுதான் களம். இரண்டு சக்கர வண்டிக்கு அது எமன். கஸ்தூரி செடியைக் கண்டதும் வேகத்தைக் குறைப்பாள். "காலைத் தூக்கிக்கோங்க. அசையாதீங்க" என்று முன்னால் பார்த்தபடியே சொல்வாள்.

அன்றைக்கும் சொன்னாள். நானும் தூக்கிக்கொண்டேன். அப்போது எதிரில் சைக்கிளில் உடற்பயிற்சி ஆசிரியர் வந்துகொண்டிருந்தார். புளியமரம் இன்னும் வரவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று நினைத்து, ஓடுகிற வண்டியிலிருந்து இடது காலைத் தரையில் ஊன்றினேன்.

வண்டி இடது பக்கம் வெட்டிச் சாய்ந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் முழங்கால் தாரில் இடித்து, அதன்மேல் வண்டி கிடந்தது.

எல்லோரும் ஓடிவந்தார்கள். "செடி வழுக்கிடுச்சு" என்று யாரோ சொன்னார்கள். நான் அதை மறுக்கவில்லை. "பொம்பள ஓட்டினா இப்டிதான்" என்றது இன்னொரு குரல். அதையும் மறுக்கவில்லை. செடியைப் பரப்பியிருந்த அஞ்சலை என்ற கூலிக்காரப் பெண், "என்னாலதானே, என்னாலதானே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் புருஷன் ஊர் பார்க்க அவளை ஏசினான். நான் மருந்துப் பையைத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன்.

கட்டுப் பிரித்த பிறகு, மொபெட்டை விற்றுவிடலாம் என்று சொன்னதும் நான்தான். "உன் நல்லதுக்குத்தான்" என்றேன். அவள் அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை பஸ்ஸிலும் வரப்பிலும் அந்தக் காலை இழுத்துக்கொண்டு போய்வந்தாள். அஞ்சலை வருடா வருடம் உளுந்து கொண்டுவந்து கொடுத்தாள். தன் செடியால் வந்த வினைக்குப் பரிகாரம் செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த உளுந்தில் சுட்ட வடையைத் தின்றிருக்கிறேன். நன்றாகவே இருந்தது.

திடலுக்குத் திரும்புகிறேன். பயிற்சியின் முடிவில், பின்னால் ஆளை ஏற்றி ஓட்டும் பாடம் வந்தது. தினேஷ் போகிற போக்கில் ஒன்று சொன்னார்:

"பின்னாடி குந்திக்கினு கீறவன் கொட்டாவி வுட்டாலே முன்னாடி இருக்கறவன் கைக்குத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது உண்மையா என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. எனக்குப் பின்னால் ஏகாம்பரம் ஏறினார். மெதுவாக ஓட்டியபடி, "லேசா வலது பக்கம் சாயுங்க" என்றேன். கையில் தெரிந்தது. "திரும்பிப் பாருங்க." தெரிந்தது. "சட்டைப் பையில கையை விடுங்க." அதுவும் தெரிந்தது. உள்ளங்கையில் ஒரு சிறு இழுப்பு, யாரோ கயிற்றின் மறுமுனையைத் தொட்டதுபோல. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மறுபடி மறுபடி சுற்றினேன்.

"இன்னா நைனா, இன்னொரு வாட்டியா? பெட்ரோல் தீந்துடும்" என்றார் தினேஷ்.

"கடைசியா ஒண்ணு. ஏகாம்பரம், நான் நிறுத்தறதுக்கு முன்னாடியே இடது காலைத் தரையில ஊனுங்க."

"சார், வுயுந்தா எங்க வூட்ல யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். ஊனுங்க."

ஊன்றினார். கைப்பிடி என் இடது கையை வெடுக்கென்று இழுத்தது. தினேஷ் ஓடிவந்து பிடித்ததால் விழவில்லை. நான் இறங்காமல் கேட்டேன்: "தம்பி, செடிமேல சறுக்கினாலும் இதே மாதிரிதானே இருக்கும்?"

"சான்ஸே இல்ல நைனா. சறுக்கினா கீய இருந்து வரும். இது பின்னால இருந்து வரும். ஓட்றவங்களுக்கு நல்லாவே தெரியும்."

உற்சாகம் அப்படியே அடங்கிவிட்டது. உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏகாம்பரம் தனக்காகத்தான் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து, முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கஸ்தூரிக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு வண்டி சறுக்கல. நான்தான் காலை ஊனினேன்."

அவள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"எடது காலு" என்றாள்.

"தெரியுமா?"

"வண்டி என் கையிலதானே இருந்துது?"

"பின்ன ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் பார்த்தேன். வண்டிய வித்தப்பவும் பார்த்தேன். அப்புறம் வுட்டுட்டேன்."

"அஞ்சலை..."

"அவகிட்ட அந்த வாரமே சொல்லிட்டேன், உன் செடியால இல்லன்னு. அயுதுக்கினே இருந்தா, பாவம்."

"அப்போ வருஷா வருஷம் உளுந்து?"

"அது அவ பொண்ணுக்குப் பிரசவம் பாத்ததுக்கு. நீங்க இன்னான்னு நெனச்சீங்க?"

நான் நினைத்ததைச் சொன்னேன். அவள் சிரித்தாள், முள் எடுத்தபோது சிரித்த சிரிப்பு இல்லை. பிறகு, "சொல்லாத ஆளு பின்னாடி எப்டிங்க குந்தறது?" என்றாள். அதோடு டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.

மன்னித்தாளா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆனால் லைசென்ஸ் வந்த பிறகு, சித்திரையில் சாலவாக்கம் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு நாள் வந்தபோது, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். வண்டியைப் படிக்கு ஒட்டி நிறுத்தச் சொன்னாள். காலை மடக்காமலே அங்கிருந்து பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டாள். போகலாம் என்று சொல்லவில்லை. தோளில் ஒரு விரலால் தட்டினாள். வழி முழுக்க நான் முன்னால் மட்டுமே பார்த்தேன். அவள் துளியும் அசையவில்லை என்று என் கைகளுக்குத் தெரிந்தது.

வழியில் டீக்கு நிறுத்தினோம். எங்களுக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டிவந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றி முடியை உதறினாள். பின்னால் இருந்த புருஷன், மடியில் வைத்திருந்த பையோடு நிதானமாக இறங்கி, "ரெண்டு டீ, ஒண்ணு சக்கர கம்மி" என்றான். டீ போடுகிறவர் நிமிரவில்லை. பெஞ்சில் இருந்த ஆண்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு இன்னொரு ஸ்கூட்டர். ஒரு பெண், பின்னால் அவளுடைய அப்பாவாக இருக்க வேண்டும், கரும்புக் கட்டை அணைத்தபடி. அது நிற்காமல் போயிற்று. அதையும் யாரும் பார்க்கவில்லை.

கஸ்தூரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தனும் சிரிக்கலியே?" என்றாள்.

"இல்ல."

"எங்க போச்சு அதெல்லாம்?"

உடற்பயிற்சி ஆசிரியர் இறந்து வெகுகாலம் ஆகிறது. அந்த ஆசிரியர் அறையில் சிரித்தவர்களில் பாதிப் பேர் இல்லை. இருக்கிற பாதிப் பேரை இப்போது மருமகள்கள்தான் ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகிறார்கள். அந்தச் சிரிப்பு எந்த வருடம் இந்த ரோட்டை விட்டுப் போனது என்று நான் கவனிக்கவே இல்லை. அதற்குப் பயந்துதான் காலை ஊன்றினேன். அது இத்தனை லேசானது, ஒருநாள் ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று அன்று எனக்கு யாராவது சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். டீ ஆறுவதற்குள் குடிக்கச் சொல்லி, கஸ்தூரி நீட்டிய காலோடு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். யாரும் எங்களையும் பார்க்கவில்லை.