முகம் பார்க்காமல் கேட்பவர்

பந்து வெளியே போனதும் நடுவர் விசில் ஊதுகிறார், ஆனால் யார் பக்கமும் கை காட்டவில்லை. கடைசியாகப் பந்தின் அருகே நின்றவனிடம் போய், அவனுடைய பூட்ஸைப் பார்த்தபடி கேட்கிறார்: “உன் கால்ல பட்டுச்சாப்பா?”

“பட்டுச்சு, ஷீரி.”

“அப்ப அவங்க எறியட்டும்.”

எங்கள் வட்டாரத்து ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு ஹார்ட்விக் ப்ளூமர் நடுவராக வந்தால் இந்தக் கூத்து நடந்துகொண்டே இருக்கும். நடுவரை நாங்கள் ‘ஷீரி’ என்போம்; கொஞ்சும்போதும் அதுதான், வையும்போதும் அதுதான்.

முகத்தைப் பார்த்துக் கேட்டால் என்னவாம் என்று ஒருமுறை அவரிடமே சண்டைக்குப் போனேன். “மூஞ்சியப் பாத்தா, ஒண்ணு பயந்து உளறுவான், இல்ல முறைச்சுக்கிட்டு பொய் சொல்லுவான். பூட்ஸப் பாத்துக் கேட்டா அவனுக்குக் கொஞ்சம் தனியா இருக்க எடம் கெடைக்குதும்மா” என்றார். மைதானத்து ஓரத்தில் சாசேஜ் சுட்டு விற்கும் கெர்லிண்டெ என்றால் வாய்க்குப் பேர்போனவள். அந்தக் கெர்லிண்டெ நான்தான்; அன்று திரும்பிப் போய் அடுப்பைக் கிளறினேன்.

வார நாட்களில் அவர் புகைபோக்கி சுத்தம் செய்கிறவர். கறுப்பு உடுப்பும் உயரத் தொப்பியுமாகத் தெருவில் நடந்தால், வழியில் போகிறவர்கள் ஓடி வந்து அவர் கோட்டுப் பித்தானைத் தொட்டுவிட்டுப் போவார்கள், தொட்டால் அதிர்ஷ்டம். ஞாயிற்றுக்கிழமை அதே ஜனங்கள்தான் “கண்ணு அவிஞ்சு போச்சாடா உனக்கு!” என்று கத்துவார்கள். முதல் சத்தம் என்னுடையதுதான், ஒளிப்பானேன். திங்கட்கிழமை என் வீட்டுப் புகைக்குழாயை எட்டிப் பார்த்துக்கொண்டே, “நேத்து உன் தொண்டை நல்லா வேலை செஞ்சுது” என்பார். கோபமே வராத மனிதரிடம் சண்டை போடுவது எவ்வளவு எரிச்சல் தெரியுமா!

ஆட்டக்காரராக அவர் தேறவில்லை. ஒவ்வொரு கழகமும் நடுவர் ஒருவரைத் தர வேண்டும் என்பது விதி என்பதால், பந்தை நேராக உதைக்கத் தெரியாத ப்ளூமரைப் பிடித்துப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போன இடத்தில் மனிதர் ஜொலித்துவிட்டார். பெரிய அரங்குகளில் கோட்டோரம் கொடி பிடித்து ஓடுமளவுக்கு உயர்ந்தார். பிறகு முழங்கால் மக்கர் செய்தது, வயதும் ஆனது, எங்கள் சேற்று மைதானங்களுக்கே திரும்பி வந்தார். வருத்தமாக இல்லையா என்றால் சிரிப்பார். “அங்க ஆயிரக்கணக்கான பேரு திட்டுவாங்க, ஒருத்தனையும் தெரியாது. இங்க இருபது பேரு திட்டுறாங்க, எல்லாரு வீட்டுக் கரியும் எனக்குத் தெரியும்.”

போன மே மாதம், பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் எங்கள் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். இறங்கினால் கழகத்தைக் கலைத்துவிட்டுப் பக்கத்து ஊரோடு கூட்டு அணி. அந்த ஊர்க்காரன் சட்டையை நம் பிள்ளைகள் மாட்டுவதா? சமநிலை போதும், தப்பித்துவிடுவோம். ஆட்டம் முடியும் தறுவாயில் எங்கள் கோல் முன்னால் ஒரே நெரிசல். சேற்றிலிருந்து பந்து துள்ளி வலைக்குள் போனது. ப்ளூமர் ஊதி, மைதானத்தின் நடுப்பக்கம் கை காட்டினார். கோல்!

“கையால தள்ளினான்யா! கையால!” என்று எங்கள் கோல்கீப்பர் அலறினான். ஆனால் அவன் அலறாத நாள் எது? சின்னப் பிரிவு ஆட்டம், கோட்டு நடுவர் கிடையாது, கேமரா கிடையாது. “வெலை போயிட்டியா, ஷீரி!” என்று நான் இடுக்கியோடு மைதானத்துக்குள்ளேயே இறங்கிவிட்டேன். அங்கே அடுப்பில் சாசேஜ் கருகிக்கொண்டிருந்தது.

அவர் யாரையும் கவனிக்கவில்லை. கொண்டாட்டக் கும்பலை விலக்கிக்கொண்டு, கோல் அடித்த யோரன் என்ற இளைஞனிடம் போனார். அவர்கள் அணி வென்றால் மேல்பிரிவுக்குப் போகும். ப்ளூமர் அவன் பூட்ஸைப் பார்த்தார். “எனக்கு மறைச்சிருச்சு. கையில பட்டுச்சாப்பா?”

வெளியூர்ப் பயிற்சியாளர் ஓரத்திலிருந்து கத்தினார்: “டேய், வாயத் தொறந்த, தொலைச்சிருவேன்!”

யோரன் சட்டையால் முகத்தைத் துடைத்தான். “பட்டுச்சு, ஷீரி” என்றான். நடுவில் பந்தை வைத்து ஆட்டத்தை இன்னும் மறுபடி தொடங்கவில்லை. அதுவரை தீர்ப்பை மாற்றலாம். ப்ளூமர் கோலை ரத்து செய்து, எங்களுக்கு ஃப்ரீ கிக் என்று கை காட்டினார்.

அப்பாடா! அடுப்படிக்கு ஓடிவந்து, அங்கே நின்ற முன்பின் தெரியாத வெளியூர்க்காரரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். பாவம், அவருக்குச் சாசேஜ் வேண்டுமாம். கொஞ்ச நேரத்தில் கடைசி விசில் ஒலித்தது. நாங்கள் பிழைத்தோம். கழகம் பிழைத்தது. எல்லோரும் எல்லோர் மேலும் விழுந்து கும்மாளம் போட்டோம்.

மைதானத்தின் நடுவே யோரன் மட்டும் தனியாகக் குந்தியிருந்தான். அவன் ஆட்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். உடைமாற்றும் அறைக்குப் போகும் வழியில் பயிற்சியாளர் இடுப்பில் கை வைத்து நின்றார். கைகுலுக்கக் காத்திருந்த இரண்டு அணித் தலைவர்களையும் தாண்டி ப்ளூமர் அவனிடம் போனார், கை கொடுத்துத் தூக்கிவிட்டார். இருவரும் சேர்ந்து நடந்து வந்தார்கள். பயிற்சியாளரை நெருங்கியபோது ப்ளூமர் சட்டென்று பக்கம் மாறி, தன் தோளை அந்த மனிதருக்கு நேராக வைத்துக்கொண்டு, யோரனை மறுபக்கமாக நடத்திக் கூட்டிப்போனார்.