படித்துவிட்டுப் போடுகிறேன்

என்னுடைய இணையதளத்தில் ஒரு பிழை கூடக் கிடையாது. எந்த போனில் திறந்தாலும் ஒழுங்காக நிற்கும், தமிழ் எழுத்து உடையாது, தேடினால் தேடியது வரும். லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடான ஒரு லயத்துக் காம்பராவில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் நானே எழுதினேன். பார்க்கிறவர்கள் மெச்சுகிறார்கள். மெச்சட்டும். அதைத் திறக்கும்போதெல்லாம் என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

அது எதற்காகத் தொடங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு ஒரே ஒரு அக்கா. அம்மாவுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, கல்யாணமாகி ஆறு மாதங்கூட ஆகாத அந்த அக்காவைப் புருஷன் வீட்டாரோடு இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் குடும்பத்துக்கு அங்கே பிரஜாவுரிமை, இந்தக் குடும்பத்துக்கு இங்கே. எந்தக் கந்தோரிலோ எவனோ கையெழுத்துப் போட்டான், இவர்கள் வட்டகொடை ஸ்டேஷனில் நின்று அழுதார்கள். கோத்தகிரியிலிருந்து கொஞ்ச காலம் கடிதம் வந்ததாம். பிறகு ஒரு கலவரத்தில் லயம் எரிந்தது. கடிதங்களும் விலாசமும் அதோடு போயின. தாத்தா மிச்சப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தத் தோட்டத்துக்கு வந்துவிட்டார். அதன்பின் பழைய தோட்டத்துக்குக் கடிதம் வந்திருந்தாலும் வாங்க ஆளில்லை.

அம்மாவுக்கு வேறு பெரிய ஆசைகள் கிடையாது. அக்கா குரலை ஒருதரம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அம்மாவின் இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருக்கிறது. சின்ன வயதில் அக்கா கவ்வாத்துக் கத்தியை எடுத்து, தேயிலைச் செடி வெட்டுவதுபோல் விளையாடியபோது பட்டது. கண்ணாடி பார்த்துப் பொட்டு வைக்கும்போது அந்தத் தழும்பை ஒருமுறை தடவாமல் அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போனதே இல்லை.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கடன்பட்டு ஒரு பழைய லெப்டொப் வாங்கிய அன்று அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எம் பேரையும் அக்கா பேரையும் இதுல போட்டுவிடு புள்ள. எங்கயாச்சும் யாராச்சும் பாப்பாங்க."

முகநூலில் போட்டால் இரண்டு நாளில் கீழே போய்விடும், யாரும் தேடி எடுக்க முடியாது என்று அம்மாவுக்கு விளக்கினேன். நிரந்தரமாக ஒரு தளம் வேண்டும், நம்மைப் போல் பிரிந்துபோன எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவாக, தோட்டம், டிவிசன், தகப்பன் பெயர் வாரியாகத் தேடுகிற மாதிரி. யோசனையில் ஒரு குற்றமும் இல்லை. கடைசியாகச் சொன்னேன் பாருங்கள் ஒரு வார்த்தை, அதுதான் வினை.

"அதை எப்புடிச் செய்யறதுன்னு படிச்சிட்டுப் போடுறேம்மா."

அம்மா தலையாட்டினார். படிப்பு என்று சொன்னால் எங்கள் லயங்களில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

ஹட்டனில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில், இணையதளம் செய்யப் பழக்கும் சனிக்கிழமை வகுப்பு. வகுப்பெடுக்கிற சேர் பாதி ஆங்கிலத்திலும் பாதி சிங்களத்திலும் சொல்லிக்கொடுப்பார். நான் தமிழில் எழுதிக்கொள்வேன். டீச்சர் புத்தி, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் திகதி போட்டுவிடுவேன். அத்திவாரம் போடாமல் வீடு கட்டக்கூடாது என்று முதல் நாளே சொன்னார் அவர். நானும் பயபக்தியோடு அதை எழுதி அடிக்கோடு போட்டேன். நாங்கள் இருக்கிற லயத்துக்கு என்ன அத்திவாரம் இருக்கிறது? வெள்ளைக்காரன் அவசரத்துக்குக் கட்டிய அந்த வரிசையில்தானே நாலு தலைமுறையாகப் பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கு இது எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றி என்ன பிரயோசனம்.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் தலவாக்கலையில் போன் கடையும் போட்டோக்கொப்பி மெசினும் வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், உட்கார்ந்தார். பிறப்புச் சாட்சிப்பத்திரம் கொப்பியடிக்க வருகிற கிழவர்கள், இந்தியாவில் இருக்கிற சொந்தக்காரர்களைத் தேடித் தரமுடியுமா என்று அவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்காகத்தான் அவரும் வந்திருந்தார். வகுப்பு அவருக்கு ஒத்துவரவில்லை. நாலாவது வாரம் நின்றுவிட்டார். ஆறாவது வாரம் வகுப்பு முடிகிற நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றார், கையில் ஒரு தாள்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஏதோ ஒரு ஆயத்த அச்சில் வார்த்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஜும்ஆ முடிந்து கடை திறந்தபிறகு, ஒரே மூச்சில் ஒரு தளத்தைப் போட்டுவிட்டாராம். அதைத்தான் எனக்குக் காட்டப் பிரின்ட் எடுத்து வந்திருந்தார். ரோஸ் நிறப் பின்னணி. மேலே அவருடைய கடையின் போன் ரீலோட் விளம்பரம். நடுவில் செவ்வந்திப்பூப் படம், எதற்கென்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். கீழே ஒரு பெட்டி: யாரைத் தேடுகிறீர்கள் என்று எழுதலாம், போன் நம்பர் போடலாம். தேடும் வசதி இல்லை. எழுத எழுத ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஆண்டு நான்கு பிள்ளையின் கொப்பியைத் திருத்துவதுபோல் அந்தத் தாளைத் திருத்தி அவர் கையில் கொடுத்தேன். மனுசன் கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டே மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"பிழையா இருந்தாலும் இருக்கட்டும் டீச்சர். ஆக்கள் பாத்துச் சொல்லச் சொல்லத் திருத்தலாம். உங்க உம்மாட பேரத் தாங்க, மொதல்ல அதப் போடுவோம்."

நான் கொடுக்கவில்லை. என்னுடையது வரப்போகிறது, அதில் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குள் சிரித்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ரீலோட் விளம்பரத்துக்குக் கீழே என் அம்மாவின் பெயரா? எனக்கு இருந்த தலைக்கனத்துக்கு அளவே இல்லை.

அந்தத் தலைக்கனம் எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். தோட்டத்துப் பிள்ளை என்றால் அரைகுறை என்று டவுனில் ஒரு நினைப்பு. நேர்முகப் பரீட்சையில் என் விலாசத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்த முகங்களை நான் மறக்கவில்லை. ஆகவே நாம் செய்தால் ஒருத்தரும் ஒரு சொல் சொல்லமுடியாத மாதிரிச் செய்ய வேண்டும். இதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதி நியாயத்தைக் கட்டிக்கொண்டுதான் நான் நாசமாய்ப் போனேன்.

தைப்பொங்கலுக்குத் திறந்துவிடலாம் என்றேன். பொங்கலுக்குள் தேடும் பகுதி சரிவரவில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு என்றேன். அதற்குள் தோட்டங்களின் பட்டியல் முடியவில்லை. அம்மா மலையிலிருந்து இறங்கி, செடி கிழிக்காமல் இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்துக்கொண்டே, தயங்கித் தயங்கிக் கேட்பார்: முடிஞ்சிருச்சா புள்ள? நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இன்னுங்கொஞ்சம் என்பேன். ஒருநாள் எரிந்து விழுந்தேன். இது என்ன ரொட்டி தட்டுகிற வேலையா, தொணதொணக்காதே என்று. அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை. தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார்.

ஆனி மாதம் என் தளம் முடிந்தது. திறப்பதற்கு முதல்நாள், ஞாயிற்றுக்கிழமை, ஒரு எண்ணம் வந்தது. நானாவின் தளம் இன்னும் அதே கோலத்தில்தான் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்னுடையது எவ்வளவு மேல் என்று பார்த்துச் சந்தோசப்படத்தான் போனேன். அந்தச் சிவப்புப் பேனா நாளுக்குப் பிறகு ஒருநாளும் நான் அதைத் திறந்து பார்த்ததில்லை. காம்பராவில் சிக்னல் கிடைக்காது என்பதால் தண்ணி டேங்கியடிக்குப் போய் நின்றேன்.

ரோஸ் நிறம் அப்படியே இருந்தது. பதிவுகள்தான் நூற்றுக்கணக்கில் விழுந்து கிடந்தன. விரலால் தள்ளிக்கொண்டே போனேன். எழுத்துப்பிழைகளை எண்ணிக்கொண்டே போனேன். கீழே, வெகு கீழே, போன தீபாவளிக்கு முந்திய வாரத்தில், என் அம்மாவின் பெயர் இருந்தது.

தாத்தாவின் பெயர், வட்டகொடைப் பக்கத்துப் பழைய தோட்டத்தின் பெயர், மேல் டிவிசன், எல்லாம் சரி. கோத்தகிரியிலிருந்து பெரியம்மாவின் மகள் எழுதியிருந்தாள். எங்க அம்மா அவங்க தங்கச்சியத் தேடுறாங்க, தங்கச்சிக்கு இடது புருவத்துக்கு மேல கத்திக்காயத் தழும்பு இருக்கும், அது இன்னும் இருக்கான்னு கேக்கச் சொல்றாங்க. கீழே ஒரு போன் நம்பர்.

அங்கேயே நின்று எடுத்தேன். நம்பரை இரண்டுதரம் பிழையாக அடித்தேன். நான் யார் என்று சொன்னதும் சின்னம்மா மகளா என்று கேட்டாள். பிறகு அவள் சொன்னாள். பெரியம்மா பங்குனியில் போய்விட்டார். மூன்று மாதம் ஆகிறது. கடைசி வரைக்கும் நல்ல நினைவோடுதான் இருந்தாராம். யாரோ அனுப்பிவைத்த அந்தத் தளத்தைப் பார்த்த நாளிலிருந்து தினமும் காலையில் கேட்பாராம்.

"இன்னிக்காச்சும் பதில் வந்துச்சான்னு கேப்பாங்க. நான் போன எடுத்துக் காட்டணும் அவங்களுக்கு. அப்பதான் கஞ்சி குடிப்பாங்க."

ஐந்து மாதம். பெரியம்மா உயிரோடு இருந்து, ஐந்து மாதம், ஒவ்வொரு காலையும் கேட்டிருக்கிறார். நான் அந்தத் தளத்தைத் திறந்து பார்க்கவும் இல்லை, பேரைக் கொடுக்கவும் இல்லை.

வீட்டுக்குப் போக முடியவில்லை. பஸ் பிடித்து தலவாக்கலைக்குப் போய் நானாவின் கடையில் நின்றேன். கவுண்டருக்குப் பின்னால் சுவரில் நான் திருத்திய தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பிழையாகத் தளத்தில் திருத்தி, திருத்தியதற்கெல்லாம் தாளில் அவர் சரி அடையாளம் போட்டு வைத்திருந்தார். விசயத்தைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் கதிரையை இழுத்துப் போட்டார், பிளேன்ரீக்குச் சொன்னார், தன் நெற்றியைத் தானே தட்டிக்கொண்டார். அன்றைக்கே உம்மாவின் பெயர் தெரிந்திருந்தால் பதிவு விழுந்த அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லியிருப்பேனே டீச்சர் என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். தன்மேல்தான் ஏதோ தவறு என்பதுபோல் சொன்னார்.

திங்கட்கிழமை அம்மா மலையிலிருந்து வந்து முகம் கழுவும்வரை காத்திருந்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. நானா பெயர் கேட்டதையும் நான் மறுத்ததையும் சொன்னேன். அம்மா வாசற்படியில் உட்கார்ந்தார். அழுவார், மார்பில் அடித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் புருவத்துத் தழும்பை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு என் வகுப்புக் கொப்பியை எடுத்துவரச் சொன்னார். அம்மாவுக்கு வாசிக்க வராது. ஆனால் நான் திகதி போடுவது அவருக்குத் தெரியும்.

"பங்குனியில நீ என்ன படிச்சிக்கிட்டு இருந்த? எடுத்துச் சொல்லு."

பக்கத்தைத் தேடி எடுத்தேன். என்னுடைய அழகான கையெழுத்தில், சிவப்பு மையில் தலைப்பு, அடிக்கோடு. பொய் சொல்லியிருக்கலாம். வேறொரு பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். வாய் வரவில்லை. தளத்தில் அழுத்துகிற பொத்தானின் மூலைகளை வளைவாக ஆக்குவது எப்படி என்று அந்த வாரம் படித்தேன் என்றேன். அடுத்த வாரமும் அதேதான், பொத்தானுக்குக் கீழே நிழல் விழவைப்பது.

அம்மாவுக்கு விளங்கவில்லை. கோபமே இல்லாமல், தெரியாததைத் தெரிந்துகொள்கிற பிள்ளையைப் போல என் முகத்தைப் பார்த்தார்.

"அது எதுக்கு புள்ள?"

"பாக்க நல்லா இருக்கும்மா" என்றேன்.