கணவாயில் நின்றிருந்தவர்

இத்தாலிப் பக்கமிருந்து பெரிய சான் பெர்னார் கணவாய்க்கு ஏறுகிறவர்களுக்குக் கடைசி ஊர் சான் ரெமி. அந்த ஊர் ஆண்கள் பட்டாளத்துக்குப் போக வேண்டியதில்லை. அதற்குப் பதிலாகக் குளிர்காலம் முழுக்க, முறை வைத்துக்கொண்டு, கணவாயைக் கடக்கிறவர்களுக்கு வழித்துணையாகப் போய்வர வேண்டும். யாரோ ஒரு அரசர் காலத்தில் வந்த ஏற்பாடு. பசீல் செரிசே பதினெட்டு வயதில் தன் அப்பாவின் இரும்புமுனைக் கம்பை எடுத்துக்கொண்டு அந்த வேலைக்குப் போனவன். நாற்பது வயதுக்குள் எத்தனை பேரைக் கூட்டிவந்து இறக்கியிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. வியாபாரிகள், கன்னியாஸ்திரிகள், ஸ்விஸ் பக்கம் வேலைக்குப் போய்த் திரும்பும் கொத்தனார்கள், ஒருமுறை கூண்டில் கரடியோடு ஒரு வித்தைக்காரன்.

பேச்சு கம்மி. ஆனால் நல்ல கால். "பசீல் மிதிச்ச இடத்துல மாட்டையே ஓட்டிட்டுப் போகலாம்" என்பான் சுல்பீஸ், பக்கத்து வீட்டுக்காரன், அதே வேலைக்காரன்.

அந்த ஆகஸ்டில் ஒரு பெண் ஊருக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். தூசி படிந்த கறுப்புப் பாவாடை, கையில் ஒரு மூட்டை, மூட்டைக்குள் அவள் ஊர் மாதாகோவில் சாமியார் எழுதிய கடிதம். பியெல்லா மலைப் பக்கமிருந்து நடந்தும் வண்டியிலுமாக ஐந்து நாள் வந்திருந்தாள். பெயர் ஓர்சொலா. விடுதிக்கார அம்மா கடிதத்தைப் படித்துவிட்டு வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"மேல மடத்துக்குக் கூட்டிட்டுப் போக ஒருத்தர் வேணும். இந்தப் பொண்ணு பிண வீட்டைப் பாக்கணுமாம்."

கோடையில் முறை எதுவும் கிடையாது. பாதை தெளிவாக இருக்கும், யாரும் தனியாகவே ஏறிப்போகலாம். ஆனால் கணவாயில் செத்தவர்களைத் துறவிகள் வைத்திருக்கும் பிண வீட்டைப் பார்க்கப் போகிற பெண்ணைத் தனியே அனுப்ப யாருக்கும் மனசு வராது.

"யாரைத் தேடி வந்திருக்கே?" என்று சுல்பீஸ் கேட்டான்.

"வீட்டுக்காரரை. கொத்தனார். நாலு வருஷத்துக்கு முன்னாடி நவம்பர்ல ஸ்விஸ்லேருந்து கிளம்பினார். வீடு வந்து சேரலை. போன மாசம் எங்க ஊர்க்காரர் ஒருத்தர் இந்த வழியா வந்தப்போ மேல எட்டிப் பாத்திருக்கார். ஒருத்தரைப் பாத்தா செலஸ்தீனோ மாதிரி உசரம்னார்."

பசீல் வாசலில் கோடரிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தான். கை நின்றுவிட்டது. அந்தக் கொத்தனாருக்கு அப்படி ஒரு முழுப்பெயர் இருந்தது அன்றுதான் அவனுக்குத் தெரியும். அந்த மனிதர் தன்னை வெறும் தீனோ என்றுதான் சொல்லியிருந்தார்.

சுல்பீஸ் அவன் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "நான் போறேன்டா. நீ வேலையைப் பாரு" என்றான். அந்த நவம்பரில் யார் முறை என்றும், புயலில் ஒருவர் வழியில் போய்விட்டார் என்றும் சுல்பீஸுக்குத் தெரியும். அதற்கு மேல் அவனுக்கு எதுவும் தெரியாது.

"இல்லை. நானே போறேன்" என்றான் பசீல்.

மறுநாள் விடியற்காலை இருவரும் கிளம்பினார்கள். ஊசியிலைக் காடு முடிந்து புல்வெளி வந்தது. மேயும் மாடுகளின் மணிச்சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஓர்சொலா நன்றாக நடந்தாள். மூச்சு வாங்கினாலும் நிற்கக் கேட்கவில்லை. பாதி வழியில், பயணிகள் புயலுக்கு ஒதுங்கும் கல் குடிசையின் வாசலில் அவனே உட்காரச் சொன்னான். அவள் கறுப்பு ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் எடுத்து, கேட்காமலே அவனுக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள்.

"எங்க ஊர்ல மாவு மில் வெச்சிருக்கிறவர் ஒருத்தர் என்னைக் கட்டிக்கறேங்கறார்" என்றாள் திடீரென்று. "நல்ல மனுஷர். பொண்டாட்டி செத்துட்டா. என் மகளை அவர் பிள்ளைங்களோட சேத்து வளக்கறேங்கறார். ஆனா சாமியார் ஒத்துக்கலை. புருஷன் செத்ததுக்குச் சாட்சி வேணுமாம். சரிதானே? நாலு வருஷமா நான் பொண்டாட்டியும் இல்லை, விதவையும் இல்லை. மாமியார் ஒவ்வொரு ராத்திரியும் அவருக்குத் தட்டு வைக்கறாங்க. அதைக் காலையில நான் எடுத்துக் கழுவணும்."

பசீல் ரொட்டியை மென்றுகொண்டே இருந்தான்.

"அன்னிக்கு யாரு அவருக்கு வழித்துணை வந்தாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"ஊர்க்காரன் ஒருத்தன்தான்" என்றான் பசீல். எழுந்து கம்பை எடுத்துக்கொண்டான்.

கணவாயின் உச்சியில் ஆகஸ்டிலும் ஏரி ஓரம் பனித்திட்டு கிடந்தது. ரோமானியர்கள் பாறையில் வெட்டிய பாதைக்கு அப்பால் மடம் தெரிந்தது. துறவிகளின் பெரிய நாய்கள் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. பிண வீடு மடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தது. தாழ்வான கல் வீடு, ஒரே ஒரு கம்பி ஜன்னல். அங்கே எங்கே தோண்டினாலும் பாறை, புதைக்க முடியாது. பனியில் கண்டெடுத்தவர்களைத் துறவிகள் உள்ளே சுவரோடு சாய்த்து நிறுத்திவைப்பார்கள். அந்தக் குளிரிலும் மெல்லிய காற்றிலும் உடல் அழுகாது, காய்ந்துபோகும். தேடி வருகிறவர்கள் அடையாளம் சொல்லட்டும் என்று வருஷக்கணக்காக அப்படியே நின்றுகொண்டிருப்பார்கள்.

வயதான துறவி ஒருவர் சாவியோடு வந்தார். "வெளியிலேருந்து ஜன்னல் வழியாப் பாத்தாப் போதும்மா" என்றார்.

"ஜன்னல்ல என்ன தெரியும் சாமி? கதவைத் திறங்க."

உள்ளே பதினைந்து இருபது பேர் நின்றிருந்தார்கள். சிலருக்கு முகமே இல்லை. ஒரு தாய் குழந்தையை அணைத்தபடி நின்றிருந்தாள். ஓர்சொலா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவராக, காய்கறி பார்ப்பவளைப் போல நிதானமாக, கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டே போனாள். இடப்பக்கச் சுவரில் ஐந்தாவது ஆள் முன் நின்றாள். முகம் கறுத்துச் சுருங்கி யாருடையதாகவும் இருக்கலாம் போலிருந்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மேல்சட்டையின் முனையைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். உட்பக்கம் சாம்பல் நிறத் துணி, ஓரத்தில் மட்டும் பச்சைக் கோடு போட்ட ஒரு பட்டை.

"என் பாவாடை" என்றாள். "துணி போதலைன்னு என் பாவாடையைக் கிழிச்சு ஒட்டுப் போட்டேன். கல்யாணமான வருஷம்."

துறவி ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். முடியும்வரை அவள் அந்தத் துணியை விடவில்லை.

வெளியே வந்து மடத்துச் சுவரோரம் உட்கார்ந்தாள். துறவி சாட்சிப் பத்திரம் எழுத உள்ளே போனார். பசீல் அவள் முன்னால் நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"வழித்துணை வந்தவன் நான்தான்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் சொன்னான். அன்று அவனோடு இறங்கியவர்கள் இரண்டு பேர். கொத்தனாரும், கண்ணாடிச் சாமான் விற்கிற ஒரு கிழவரும். ஏரி தாண்டி அரைமணி நேரத்தில் புயல் பிடித்துக்கொண்டது. கொத்தனாருக்குக் கணுக்கால் மடங்கிவிட்டது. கிழவருக்குக் கண் தெரியவில்லை. இரண்டு பேரையும் இழுக்க முடியாது. கொத்தனாரை ஒரு பாறையின் மறைவில் உட்காரவைத்து, திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கிழவரைக் குடிசைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"அவர் பயந்தாரா?"

"பயந்தார். என் கோட்டைப் பிடிச்சுக்கிட்டார். நான்தான் விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சேன்."

அவள் பார்வை அவன் விரல்களுக்குப் போனது.

"குடிசைக்குப் போய் நெருப்பு மூட்டினேன். கொஞ்ச நேரத்துல காத்து நின்னுது. ஒரு ஜெபமாலை சொல்ற நேரம் நின்னுது. அப்போ நான் போயிருக்கணும். போயிருக்க முடியும். எழுந்திருக்கலை. கால் வரலை. நெருப்பையே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பக் காத்து அடிக்க ஆரம்பிச்சதும், இனிமே எப்படிப் போறதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஊர்ல எல்லார்கிட்டயும் புயல் விடவே இல்லைன்னேன். அந்தக் கிழவர் மயக்கத்துல இருந்தார். அவருக்கும் தெரியாது. ஜூன்ல கண்டெடுத்தப்போ அவர் அந்தப் பாறைகிட்ட இல்லை. இருநூறு அடி தள்ளி இருந்தார். காத்துக் காத்துப் பாத்துட்டு, தவழ்ந்து கிளம்பியிருக்கார்."

ஏரித் தண்ணீர் கரையில் தட்டிக்கொண்டிருந்தது. துறவி பத்திரத்தோடு வெளியே வந்தவர், இருவரையும் பார்த்துவிட்டுத் தள்ளியே நின்றார்.

"இன்னொருத்தனா இருந்தா, கடைசியா என் பேரைச் சொன்னார்னு கதை விட்டிருப்பான்" என்றாள் ஓர்சொலா. "நீ சொல்லலை." அதுவரை நீங்க என்று பேசியவள் அவனை அப்போதுதான் நீ என்றாள். "உன்னை மன்னிக்கறேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. வராதுன்னுதான் நினைக்கறேன்."

"அதுக்காகச் சொல்லலைம்மா."

அவள் எழுந்து துறவியிடம் போய்ப் பத்திரத்தை வாங்கி மடித்து மார்பில் வைத்துக்கொண்டாள். "சாமி, அவரை இங்க விட்டுட்டுப் போக மாட்டேன். மூணு வருஷமா நிக்கிறார். படுக்க வைக்கணும்."

"இங்க மண்ணு இல்லையேம்மா. கீழ சான் ரெமிக்கு இறக்கினாத்தான் உண்டு. ரெண்டு மூணு ஆள் வேணும்."

"ஆள் வேண்டாம்" என்றான் பசீல்.

மடத்தில் விறகு சுமக்கிற முதுகுச் சட்டம் ஒன்று வாங்கினான். துறவி கொடுத்த கம்பளியில் கொத்தனாரைச் சுற்றிக் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டான். ஒரு குழந்தையின் கனம்தான் இருந்தது. இன்னும் கனமாக இருந்திருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. இறக்கத்தில் ஒரு இடத்திலும் அவன் நிற்கவில்லை. குடிசையைத் தாண்டும்போது மட்டும் பின்னால் அவளுடைய நடை கொஞ்சம் தயங்கியது கேட்டது. பிறகு தொடர்ந்தது.

ஊருக்குள் வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சுல்பீஸ் ஓடிவந்து சட்டத்தில் கைகொடுத்தான். பசீல், "தொடாதே" என்றான்.

மறுநாள் கோவில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ஊரே வந்திருந்தது. மண் போட்டு முடிந்ததும், யாரும் கலைவதற்கு முன், மேலே ஓர்சொலாவிடம் சொன்னதை எல்லாம் பசீல் ஊர் முன்னால் இன்னொரு முறை சொன்னான். அவன் மனைவி லியோனி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். சுல்பீஸ்தான் கடைசியில் முணுமுணுத்தான்.

"நாலு வருஷமா என்கிட்டகூடச் சொல்லலையேடா."

"சொன்னா உனக்கும் தெரிஞ்சிருக்கும். அதனாலதான்."

ஓர்சொலா இரண்டு நாள் இருந்தாள். புதைகுழி மேல் தானே கல் பொறுக்கி எல்லை கட்டினாள். கொத்தனார் பெண்டாட்டி, நேராகத்தான் கட்டினாள். மூன்றாம் நாள் காலை கிளம்பினாள். பசீலின் வீட்டைக் கடக்கும்போது லியோனிக்கு மட்டும் தலையசைத்தாள். அவள் மில்காரரைக் கட்டிக்கொண்டாள் என்று அடுத்த வசந்தத்தில் அவ்வழி வந்த கொத்தனார்கள் சொன்னார்கள்.

அந்தக் குளிர்காலம் ஊர்ப் பெரியவர்கள் பசீலின் பெயரை முறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். குடிசைகளுக்கு விறகு சேர்க்கிற வேலையைக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் ஆள் போதவில்லை என்று திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பதினெட்டுக் குளிர்காலம் போனான். இடது காலில் இரண்டு விரல் போயிற்று.

புதிதாகக் கணவாய் ஏறுகிறவர்கள் விடுதி வாசலில் இடுப்பில் கயிறு கட்டும்போது வழித்துணைக்காரர்களிடம் ஒன்று கேட்பது வழக்கம்: இதுவரைக்கும் யாரையாவது வழியில விட்டிருக்கியா? மற்ற வழித்துணைக்காரர்கள் சிரித்து மழுப்புவார்கள். பசீல் மட்டும், "ஒருத்தரை. செலஸ்தீனோன்னு பேரு. கொத்தனார்" என்பான். சில பேர் அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய் வேறு ஆள் கேட்பார்கள். அவன் கயிற்றை அவிழ்த்து அந்த வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவான். மற்ற பயணிகள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டு, அவன் பின்னால் நடப்பார்கள்.