புள்ளி போன பக்கங்கள்

என்னோடு ஒரே வகுப்பில் படித்த தோழி, புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு மேற்படிப்புக்குப் பதிந்தாள். தோட்டத்துப் பெண்பிள்ளைகள் ஏன் பாதியில் படிப்பை நிறுத்துகிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. இரண்டு வருடமாகப் பின்னேரங்களில் வீடு வீடாகப் போய்த் தாய்மாரிடம் பேசி, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்திருந்தாள்.

நான் மஹய்யாவையில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். மென்பொருள் கையேடுகள் எழுதுவது என் தொழில். நாங்கள் எழுதும்போது அலங்காரம் எதுவும் செய்வதில்லை. இது தலைப்பு, இது மேற்கோள் என்று சின்னக் குறிகள் மட்டும் போடுவோம். பிறகு ஒரு செயலி அதை வேர்ட் கோப்பாக மாற்றித் தரும். அவளுடைய ஆய்வேட்டையும் அப்படிச் செய்து தருகிறேன் என்று நானாகத்தான் முன்வந்தேன்.

பல்கலைக்கழகம் இரண்டு விதிகள் வைத்திருந்தது. வரிகளுக்கு நடுவே ஒன்றரை மடங்கு இடைவெளி வேண்டும். நூற்றிருபது பக்கத்தைத் தாண்டக் கூடாது.

முதல் தடவை, மாற்றி வந்த கோப்பைத் திறந்து முழுவதையும் தெரிவு செய்து இடைவெளியைக் கூட்டினேன். அவள் நாலு திருத்தம் அனுப்பினாள். மறுபடி மாற்றியபோது இடைவெளி பழையபடி ஒடுங்கிவிட்டது. இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாம் முறைதான், ஊருக்கெல்லாம் கையேட்டில் எழுதிக் கொடுக்கிற விஷயம் எனக்கே உறைத்தது. செயலி ஒரு மாதிரிக் கோப்பைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் அமைக்கிறது. திருத்த வேண்டியது அந்த மாதிரிக் கோப்பை. திருத்தினேன். இடைவெளி நின்றது. ஆனால் பக்கங்கள் நூற்று முப்பத்தொன்று.

ஒப்படைக்க ஐந்து நாள்தான் இருந்தது. தாய்மாரின் பேச்சு வரும் மேற்கோள் பகுதிகளுக்கு மட்டும், வரி இடைவெளியை, எழுத்தின் உயரத்துக்கு ஏற்ப மாறாத ஒரு நிலையான அளவில் இறுக்கினேன். திரையின் மூலையில் நூற்றுப் பதினெட்டு என்று காட்டியது. அந்த எண்ணைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. டவுனில் ஒரு கடைக்கு அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அவள் பாடசாலை விட்டு வந்து பிரதியை வாங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினாள்.

கம்பளை தாண்டியதும் அழைத்தாள்.

"நீ இத பாத்தியாடி?"

"ஏன், பக்கம் சரியாத்தானே வந்திருக்கு?"

"பக்கம் சரி. புள்ளியெல்லாம் எங்க?"

"எந்தப் புள்ளி?"

"மேல இருக்கிற புள்ளி எல்லாம் வெட்டுப்பட்டுப் போச்சு. ஒரு அம்மா, என் மகளுக்குக் கல்விதான் பெருசுனு சொல்லியிருக்காங்க. நீ அடிச்சதுல வேற என்னவோ இருக்கு. பஸ்ல வச்சு வாசிக்க முடியாது."

'கல்வி'யில் புள்ளி போனால் மிஞ்சுவது என்ன சொல் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காது சுட்டது. கோப்பைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். இறுக்கிய வரிகளில் எழுத்துகளின் தலை சீவப்பட்டிருந்தது. 'வீடு' 'விடு'வாகியிருந்தது. அவளுடைய சொந்த எழுத்து ஒன்றரை இடைவெளியில் முழுசாக இருந்தது. அந்தத் தாய்மாரின் பேச்சு மட்டும்தான் நறுக்கப்பட்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கோபத்தோடு வருவாள் என்று பயந்தேன். பாணும் சம்பலும் பொதி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மேற்கோள்களுக்கும் ஒன்றரை இடைவெளியைக் கொடுத்தேன். பக்கங்கள் மறுபடி நூற்று முப்பத்தொன்று.

"இந்த ஒரு தலைப்புல அஞ்சு பேரு ஒரே விஷயத்தத்தான் சொல்றாங்க. ரெண்டு பேர எடுத்துட்டா சரியாயிரும்," என்றேன்.

"வாசிச்சியா?" என்று கேட்டாள்.

வாசித்திருக்கவில்லை. மூன்று வாரத்தில் அந்தக் கோப்பை எத்தனையோ தடவை திறந்திருக்கிறேன். தலைப்பு சரியா, ஓரம் சரியா என்று பார்த்திருக்கிறேன். ஒரு தாய் சொன்னதைக்கூட முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கவில்லை. அவள் முன்னால் உட்கார்ந்து வாசித்தேன்.

ஒருத்தி சொல்லியிருந்தாள்: "மக நல்லாத்தான் படிச்சா. நான் மலையில கொழுந்து எடுக்கறப்ப வழுக்கி விழுந்து கால ஒடிச்சுக்கிட்டேன். தம்பிய பாத்துக்க ஆளில்ல. ஒரு மாசம் வீட்ல இருன்னு சொன்னேன். அந்த ஒரு மாசம் முடியவே இல்ல."

ஒரே விஷயம் என்று நான் சொன்ன ஐந்தும் ஐந்து வேறு காரணங்கள். ஒருத்தியின் மகளுக்குப் பாடசாலைக்குப் போக ஒழுங்கான பஸ் இல்லை. இன்னொருத்தியின் மகள் தானாகவே நின்றுவிட்டு, ஏன் என்று இன்றுவரை சொல்லவில்லை. அவள் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

பிறகு இரண்டாம் அத்தியாயத்தைத் திறக்கச் சொன்னாள். கல்வியைப் பற்றி அறிஞர்கள் சொன்னதையெல்லாம் அவள் தொகுத்து எழுதியிருந்த பகுதி அது.

"இதுல எட்டுப் பக்கத்த எடு."

"இதுக்குத்தானே ஆறு மாசம் லைப்ரரியில கெடந்த?"

"கெடந்தேன்தான். எடு."

பத்தி பத்தியாக அவள் சொல்ல, நான் அழித்தேன். குறைக்க வேண்டிய மீதி மூன்று பக்கத்தை நான் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு மேற்கோளுக்கு முன்னும் பின்னும் இடைவெளி இரட்டிப்பாக விழுந்துகொண்டிருந்தது. மாதிரிக் கோப்பில் அதைச் சரிசெய்ததும் சரியாக நூற்றிருபது வந்தது. இந்த முறை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் தாய்மாரின் பேச்சு முழுவதையும் ஒருவர் மாறி ஒருவர் சத்தமாக வாசித்து முடித்தோம். பின்னேரம் நாலு மணியாகிவிட்டது. என் தொண்டை கட்டிப்போயிருந்தது.

ஆய்வேடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. நேர்முகப் பரீட்சையில் இரண்டாம் அத்தியாயம் மெலிந்திருக்கிறது என்று ஒருவர் குறை சொன்னாராம். உண்மைதான் என்று இவளும் ஒப்புக்கொண்டாளாம்.

போன மாதம் அவள் ஒரு பிரதியைக் கொண்டுபோய், கால் ஒடிந்த அந்தத் தாய்க்கு அவர் சொன்ன பகுதியை வாசித்துக் காட்டினாள். அன்றைக்கே எனக்கு அழைத்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"கடைசி வரைக்கும் கேட்டாங்க. கேட்டுட்டு, நான் இன்னும் நெறைய சொன்னேனே டீச்சர், அதெல்லாம் எங்கன்னு கேக்குறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சொல்லுங்கம்மான்னு உக்காந்துட்டேன். ஒரு கொப்பி நெறஞ்சு போச்சு. உனக்கு எப்ப நேரம் இருக்கு?"