திரையைப் பார்க்காத விரல்கள்

2002-ஆம் வருடம், ஜூலை மாதம். டெல்லி முனிர்காவில் மூன்று நண்பர்களோடு ஒரே அறையில் தங்கி, சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளம் குறைச்சல், தலைக்கனம் ஜாஸ்தி.

ஓர் ஆஸ்பத்திரியில் புறநோயாளிகளுக்குச் சீட்டுப் போடும் புரோகிராமை மாற்றும் வேலை எனக்கு வந்தது. பழையது கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, மவுஸே கிடையாது. பெயர், வயது, எந்த டாக்டர் என்று வரிசையாகத் தட்டினால் பிரின்டர் கரகரவென்று சீட்டைத் துப்பும். இரண்டு மாதம் உழைத்து அதை வண்ண வண்ணப் பட்டன்களாக்கினேன்.

கவுன்டரில் இருந்தவர் டெல்லி சரோஜினி நகரிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண். என் வயதுதான். "பாக்க அச்சாவாத்தான் இருக்கு சார். ஆனா பழசே இருக்கட்டுமே" என்றார். புதுசு என்றாலே எல்லோரும் இப்படித்தான் முரண்டு பிடிப்பார்கள் என்று சிரித்துக்கொண்டே பழையதை அழித்துவிட்டேன்.

முதல் நாள் காலை அவர் பின்னால் பெருமையாக நின்றிருந்தேன். ஒவ்வொரு சீட்டுக்கும் அவர் மவுஸோடு மல்லுக்கட்டினார். வெளியே "மேடம், ஜல்தி!" என்று ஒரே கூச்சல். திடீரென்று யாரோ அலறினார்கள். வரிசையில் நின்ற நிறைமாதக் கர்ப்பிணி மயங்கி விழுந்து கிடந்தார். ஸ்ட்ரெச்சர் வந்து தூக்கிப்போனது.

கவுன்டர் பெண் அழுதுவிட்டார்.

"பழசுல நான் ஸ்கிரீனைப் பாக்கவே மாட்டேன் சார். கை அது பாட்டுக்கு அடிக்கும், கண்ணு க்யூ மேலயே இருக்கும். முடியாதவங்களை முன்னாடி கூப்பிட்டுடுவேன். இன்னிக்கு ஒரு முகத்தைக்கூடப் பாக்கல."

அந்த இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூட நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவமானமாக இருந்தது.

தாயும் குழந்தையும் பிழைத்துவிட்டார்கள் என்று மதியம் தெரிந்தது. உடனே ஆபீஸுக்கு ஓடி, ஃப்ளாப்பியில் நகலாகக் கிடந்த பழைய புரோகிராமை எடுத்துவந்து ஏற்றினேன். மறுநாள் அவர் மளமளவென்று தட்டியபடியே, வரிசையின் கடைசியில் தள்ளாடிய ஒரு பெரியவரை "பாபாஜி, ஆகே ஆயியே" என்று முன்னால் கூப்பிட்டதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பச்சை எழுத்தெல்லாம் இன்று எங்கேயும் இல்லை. நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது. இன்றும் திரைகளை மாற்றுவதுதான் என் பிழைப்பு. ஆனால் யாராவது புதுசு வேண்டாம் என்றால், அவருடைய பழகிய கை இத்தனை நாள் யாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.