நெட் நின்றுபோன பதினோரு நிமிடம்

இதைச் சொன்னவள் பொய்யே சொல்லாதவள் அல்ல. நாலு தெரு தள்ளி நின்றுகொண்டு "வாசல்லதான் சார் இருக்கேன்" என்று வாடிக்கையாளர்களிடம் தினமும் சொல்கிறவள்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில், தேதியும் நேரமும் குறித்த தன் வேலை நோட்டை மேசைமேல் பிரித்து வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். நடுராத்திரி இல்லை, சுடுகாடு இல்லை. வெயில் அடிக்கும் சாயங்காலம் நாலு மணி. நடந்தது நடந்ததுதான்.

வீடு வீடாகப் போய் இன்டர்நெட் கோளாறு பார்ப்பது அவள் வேலை. ஆபீஸில் அவளுக்குப் பட்டப்பெயர் 'ஒட்டடைக்கம்பு'. மற்றவர்கள் கைகழுவிய வீடுகளில் மூலை முடுக்கு விடாமல் துழாவுவாள் என்பதால் வந்த பெயர்.

அதுவும் கைகழுவிய வீடுதான். ஏற்கெனவே இரண்டு பேர் வந்து, ரூட்டரையே மாற்றிக் கொடுத்தும் சரியாகவில்லை. மாடிப்படி ஏறியதும் முதல் வீடு. முன்னறையில் தையல் மெஷினும் அம்மாவும். பக்கத்து மேசையில் கம்ப்யூட்டரோடு மகள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். உள்ளறைக் கட்டிலில் அப்பா. பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பேச்சு இல்லை. வலது கையில் இரண்டு விரல் தவிர உடம்பில் எதுவும் அசையாது.

அந்த விரல்களுக்குக் கீழே ஒரு டேப்லெட். அதில் மூன்று பெரிய படங்கள். தண்ணீர். வலி. வாங்க. எதைத் தொட்டாலும் முன்னறையில் மணி அடிக்கும்.

"வெளி நெட் போனாக்கூடப் பரவாயில்லக்கா," என்றாள் மகள். "வீட்டுக்குள்ள இருக்கற தொடர்பே அறுந்துபோகுது. ரூட்டர்ல விளக்கெல்லாம் பச்சையாத்தான் எரியுது. ஆனா டேப்லெட்டைத் தொட்டா மணி அடிக்கல. அந்த நேரம் பாத்து அப்பாவுக்கு மூச்சு கீச்சு அடைச்சா..."



"எப்பப் போகுது?"

"தினமும். நாலு மணி வாக்குல. கொஞ்ச நேரத்துல தானா வந்துடும்."

அன்று காலையில் போனதால் ஒன்றும் பிடிபடவில்லை. கேபிளை மாற்றினாள், ரூட்டரை அழித்து முதலிலிருந்து அமைத்தாள். எல்லாம் சமர்த்தாக வேலை செய்தது. மறுநாள் மூன்றே முக்காலுக்கே போய், மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தாள். தையல் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது.

4.08. தொடர்பு அறுந்தது.

ரூட்டரின் எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் வந்தது. ஆனால் பதில் சொன்னது ரூட்டர் இல்லை.

வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஒரு கதவு எண் கொடுக்கும். ரூட்டருக்கும் ஒன்று உண்டு. அதே எண்ணை மாட்டிக்கொண்டு இன்னொரு கருவி உள்ளே வந்தால், யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் வீடே குழம்பிப்போகும். எங்கேயும் நடக்கிற கோளாறுதான். ஏதோ ஒரு போனின் வேலை. 'அட, இவ்வளவுதானா' என்றிருந்தது அவளுக்கு.

"இங்க வேற யார் போனாவது இருக்கா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். "இல்ல. நாங்க மூணு பேர்தான்."

இரண்டு போனையும் கம்ப்யூட்டரையும் டிவியையும் அணைக்கச் சொன்னாள். டேப்லெட்டின் எண் வேறு. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த அந்நியக் கருவி போகவில்லை. கருவி செய்யும்போதே அதற்குள் பதித்துவிடும் பன்னிரண்டு எழுத்து அடையாளம், திரையில் அப்படியே நின்றது.

பக்கத்து வீடோ? அந்தக் கருவியின் வைஃபை அலை பலத்தைக் காட்டும் கோட்டைப் பார்த்தபடி மடிக்கணினியோடு நடந்தாள். வாசலில் கோடு இறங்கியது. சமையலறையில் இன்னும் இறங்கியது. உள்ளறைப் பக்கம் திரும்பினாள். ஏறியது.

4.11. உள்ளறை வாசல். அப்பா சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

கட்டிலை நெருங்க நெருங்க, கோடு உச்சிக்குப் போனது. கை எட்டும் தூரம்தான்.

கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். தலையணைக்குப் பின்னால் பார்த்தாள். ஒன்றுமில்லை.

4.13. சரக்... படுக்கை விரிப்பு இழுபடும் சத்தம்.

தலையை நிமிர்த்தினாள்.

அப்பா இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்.

அவர் கண் நனைந்திருந்தது. அவர் பார்த்தது அவளை அல்ல. அவள் தோளுக்குப் பக்கத்தில்... வெறும் காற்றை.

விரல் டேப்லெட்டைத் தொட்டது. மணி அடிக்கவில்லை.

மறுபடி தொட்டது...

4.19. திரையில் அந்த எண் மறைந்தது.

வெளியே வந்தாள். முதலிலேயே இந்தப் பக்கம்தான் படுத்திருந்தார், நாம்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ரூட்டருக்குள் போய் அந்தப் பன்னிரண்டு எழுத்துக்குத் தடை போட்டாள். "யாரோ உள்ள வந்துட்டிருந்தாங்க. தடுத்து வெச்சுட்டேன். இனிமே வராது," என்றாள்.

எட்டு நாள் கழித்து அம்மாவே கூப்பிட்டார்.

"ஏம்மா, தையல்காரம்மா பேசறேன். நெட்டு நல்லா வேலை செய்யுது."

"சந்தோஷம்மா."



"இவருக்கு முதுகுல படுக்கைப்புண் வந்திருக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வெக்கணும். நாலு மணிக்குத் திருப்பறது என் பையனோட வேலை. நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அவன்தான் செய்வான். அவன் வண்டியில அடிபட்டு உயிர் போய் ஏழு வாரம் ஆச்சு. அதுக்கப்புறம் மக பண்றான்னு நான் நினைச்சேன். நான் பண்றேன்னு அவ நினைச்சா. அவனோட வேலையைப் பத்திப் பேச ரெண்டு பேருக்கும் வாய் வரல. புண்ணைப் பாத்துட்டு நேத்துதான் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டோம்..."

குரல் உடைந்தது.

"ரெண்டு பேருமே பண்ணல. ஆனா நீ வந்துட்டுப் போற வரைக்கும், தினமும் திரும்பித்தான் படுத்திருந்தார்."

அவள் வேலை நோட்டை எடுத்து அந்த நாளைப் புரட்டினாள்.

"யாரையோ தடுத்து வெச்சேன்னு சொன்னியே. அந்தத் தடையை எடுத்துடும்மா."

அன்று மூன்றரைக்கு அவள் அங்கே இருந்தாள். தடையை எடுத்தாள். அதோடு, ரூட்டரின் கதவு எண்ணையும் வேறாக மாற்றினாள். மணியையும் டேப்லெட்டையும் புது எண்ணுக்குப் பழக்கினாள். இனி யாருக்காகவும் யாரும் வெளியே நிற்க வேண்டாம்.

"அண்ணன்தான் இந்த வீட்டு நெட்டெல்லாம் போட்டான்," என்றாள் மகள். "ஒருதடவை அவன் போன்ல என்னமோ நம்பர் மாத்தி வெச்சு, வீடே நின்னுபோச்சு. அம்மா கரண்டியோட துரத்தினாங்க." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

4.07. அம்மா தையல் மெஷினை நிறுத்தினார்.

4.08. மடிக்கணினித் திரையில், வீட்டுக் கருவிகளின் பட்டியலில் அந்தப் பன்னிரண்டு எழுத்து.

தொடர்பு அறுபடவில்லை.

மணி அடித்தது.

மூவரும் துள்ளிவிட்டார்கள். வாங்க. மறுபடி மணி. வாங்க. நிற்காமல்... வாங்க. வாங்க. வாங்க.

அம்மாவும் மகளும் ஓடினார்கள். நெட் பார்க்க வந்தவளும் பின்னாலேயே போனாள். சரக் என்று விரிப்பு இழுபட்டது. யாரும் தொடாமல் அப்பாவின் உடம்பு மெல்ல, வலிக்காமல், பழகிய கை ஒன்று தாங்கினாற்போல், இந்தப் பக்கம் திரும்பியது. அவர் கட்டிலின் ஓரத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். மறுபடி கட்டிலின் ஓரத்தை. விரல் மட்டும் நிற்கவேயில்லை.

மகள் டேப்லெட்டைக் கையில் எடுத்தாள். போய்ச் சேராத அழைப்புகள் அதில் தனியாகக் கிடந்தன. நாற்பத்தொரு நாள். ஒவ்வொரு நாளும் நாலு எட்டிலிருந்து நாலு பத்தொன்பதுக்குள். தண்ணீர் ஒன்றுகூட இல்லை. வலி ஒன்றுகூட இல்லை. எல்லாமே வாங்க.

வந்திருக்கிறான், வந்து பாருங்கள் என்று அந்த மனுஷன் தினமும் கூப்பிட்டிருக்கிறார். அவன் வந்ததாலேயே மணி அடிக்கவில்லை.

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். யாருமில்லாத இடத்தைப் பார்த்தார். அழவில்லை. 4.19 ஆகும்போது, "பாத்துப் போடா," என்றார்.

எண் மறைந்தது.

மறுநாள் காலை மகள் போன் செய்தாள். அண்ணன் போன் வாங்கிய அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தாளாம். அதில் அச்சடித்திருந்த பன்னிரண்டு எழுத்தும் அதேதான். போன் எங்கே என்று இவள் கேட்டாள். போலீஸ் கொடுத்த கவரில், இரண்டு துண்டாக, பீரோவுக்குள் இருக்கிறதாம். பேட்டரி இருந்த இடத்தில் வெறும் பள்ளம்.

"இன்னொண்ணும் இருக்குக்கா. ராத்திரி டேப்லெட்டுல அந்த அழைப்புப் பட்டியலோட அடி வரைக்கும் போனேன். முதல் 'வாங்க' எந்த நாள்னு பாத்தேன்."

"எந்த நாள்?"

"அண்ணன் போன அன்னிக்கு. மருந்து வாங்கப் போனான். நாலு மணிக்குள்ள வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனான். லாரி அடிச்சது மூணு நாற்பதுக்கு. அந்த இடத்துலயே உயிர் போயிடுச்சு. எங்களுக்குத் தகவல் வந்தது அஞ்சே முக்காலுக்கு."

மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"போலீஸ் போன் பண்ணப்ப அம்மா நம்பவேயில்லக்கா. 'இல்லையே... அப்பாவைத் திருப்பிப் போட்டுட்டு இப்பத்தானே போனான்'னாங்க."