மறு பரீட்சையில் பதில் சொன்ன பிள்ளை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கம். நான் அப்போது பதுளையில் ஆசிரியர் பயிற்சிப் பாடசாலையில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். கடை வீதியில் என் தகப்பனாருக்குச் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை. மூட்டை தூக்க உடம்பு வளையாது, வருகிறவர்களிடம் சிரித்துப் பேசவும் வராது என்று அவர் கைகழுவிய பிள்ளை நான். வாத்தியாராகவாவது ஆகித் தொலையட்டும் என்றுதான் படிக்க அனுப்பினார். தேறாவிட்டால் திரும்பவும் தராசுக்குப் பின்னால் போய் உட்கார வேண்டியதுதான்.

எழுத்துப் பரீட்சைகளை நன்றாகவே எழுதிவிட்டேன். மிச்சமிருந்தது பாடம் நடத்திக் காட்டும் பரீட்சை. ஸ்பிரிங்வெளியையும் தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் போட்டார்கள். பள்ளிக்கூடம் என்றால் தகரக் கூரை போட்ட ஒரே ஓர் அறை. சில மாதங்களாகப் போய்வந்ததில் பிள்ளைகள் என்னிடம் நன்றாக ஒட்டிக்கொண்டார்கள். முன் வாங்கில் ஒரு சிறுமி உட்காருவாள். எட்டு வயதிருக்கும். நான் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி எங்கே என்பதுபோலப் பார்ப்பாள். அவளைக் கொஞ்சம் அடக்கி வைப்பதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

பரீட்சை நாளன்று பரீட்சகராக ஒரு வெள்ளைக்காரர் வந்தார். கூடவே தோட்டத்துத் துரையும் நாயைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பிள்ளைகள் எல்லோரும் எழுந்து தலையைக் குனிந்துகொண்டார்கள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. நான் கெஞ்சாத குறையாகக் கேட்டுப் பார்த்தேன். அந்தச் சிறுமியும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். துரைக்கு முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்பது தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே சொல்லிக்கொடுக்கிற மரியாதை. வந்த பரீட்சகருக்கு அதெல்லாம் தெரியுமா? பிள்ளைகளுக்குப் பாடம் ஒன்றும் விளங்கவில்லை என்று எழுதி, என்னைத் தேறாதவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான் இருக்கும். அன்று சாயங்காலமே பரீட்சகரைக் கிழிகிழியென்று கிழித்து ஒரு மனு எழுதினேன். பாடசாலை விடுதியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பனின் பெரியப்பா அரசாங்கக் கச்சேரி வாசலில் உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதிப் பிழைப்பவர். அந்த வாசனை அவனுக்கும் கொஞ்சம் உண்டு. என் மனுவைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இத அனுப்புனா ஒன்னய மட்டுமில்ல, பக்கத்துல படுத்திருந்த பாவத்துக்கு என்னையும் சேத்து வெரட்டிருவாங்கடா. அவரப் பத்தி ஒரு வார்த்த எழுதாத. என்னா நடந்துச்சு, ஏன் நடந்துச்சு, ஒனக்கு என்னா வேணும், இத மட்டும் எழுது. மார்க்கக் கூட்டிப் போடச் சொல்லாத, மறுபடி பரீட்ச வையுங்கன்னு கேளு."

முடிவு சொன்ன நாளிலிருந்து குறித்த தவணைக்குள் மனு போய்ச்சேர வேண்டும், அதுவும் எங்கள் பயிற்சிப் பாடசாலைத் தலைமை ஆசிரியர் கைவழியாகத்தான் போக வேண்டும் என்ற விதிகளையும் அவனே விசாரித்துக்கொண்டு வந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அவன் சொன்னபடியே எழுதினேன். தலைமை ஆசிரியர் இரண்டு முறை படித்துவிட்டு மேலே அனுப்பி வைத்தார். வேறொரு பரீட்சகர் வருவார் என்று கொஞ்ச நாளில் பதில் வந்தது. என் நண்பன் தலைகால் புரியாமல் குதித்தான்.

ஆனால் பிள்ளைகள் பேச வேண்டுமே! மறு பரீட்சைக்கு முன் லயத்துக்குப் போய் வீடு வீடாகக் கேட்டேன். எல்லோரும் தயங்கினார்கள். அந்தச் சிறுமியின் தாய் அப்போதுதான் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள். தலைத்துணியை அவிழ்த்தபடியே நான் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"எங்களுக்குத்தான் வாயில்லாமப் போச்சுங்க, வாத்தியாரய்யா. எம் புள்ள படிக்குதுன்னு வர்றவங்களும் தெரிஞ்சுக்கட்டுமே. பேசட்டும்," என்றாள். பிறகு மகளைப் பார்த்து, "என்னா கேட்டாலும் உள்ளத உள்ளபடி சொல்லணும், என்னா?" என்றாள்.

இரண்டாவதாக வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். துரை வரவில்லை, அவருக்குப் பதிலாகப் பெரிய கங்காணி வாசலில் நின்றார். நான் பாடத்தை நடத்தினேன். சிறுமி முதலில் கங்காணியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மடை திறந்ததுபோலப் பதில்கள் வந்தன. அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் கையைத் தூக்கினார்கள். பரீட்சகரும் சந்தோஷப்பட்டுப் புத்தகத்தை மூடினார். போகிற போக்கில் அவளிடம் கேட்டார்:

"அது சரி பிள்ளை, பின் வாங்கு ரெண்டும் ஏன் வெறுமையாக் கிடக்கு?"

"அவுங்கள்ளாம் கொழுந்தெடுக்கப் போயிருக்காங்கய்யா. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல நின்னப்ப கங்காணி ஐயா கூப்பிட்டுக்கிட்டுப் போயிட்டாரு."

அந்த வயதுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூட நேரத்தில் கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்பக் கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது. பரீட்சகர் மூடிய புத்தகத்தைத் திரும்பத் திறந்து எதையோ எழுதிக்கொண்டார். நான் வாசலைப் பார்த்தேன். பெரிய கங்காணி அங்கே இல்லை.

நான் தேறிவிட்டேன். தகப்பனார் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அவரே ஒரு பொட்டலம் கற்கண்டு கட்டிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். அந்தச் சிறுமி இருந்த வீட்டில் யாரோ புதியவர்கள் அடுப்புப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு அம்மாள்தான் வெளியே வந்து விவரம் சொன்னார். வேலையை விட்டு நிறுத்தி, கணக்குத் தீர்த்த பற்றுச்சீட்டையும் கையில் கொடுத்து, குடும்பத்தையே அனுப்பிவிட்டார்களாம். சிறுமியின் தகப்பனுக்குக் காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை என்று சொல்லியும் கேட்கவில்லையாம்.

"பெரகலப் பக்கமா எறங்கிப் போனாங்க. அங்கிட்டு எங்க போனாங்கன்னு தெரியலீங்க," என்றார். பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "போறப்பக் கூட அந்தப் புள்ள கேட்டுச்சுங்க, 'வாத்தியாரய்யா தேறிட்டாராம்மா'ன்னு," என்றார்.

எப்படிப் பதுளைக்குத் திரும்பினேன் என்று எனக்கு நினைவில்லை. அறைக்குள் நுழைந்ததும் நண்பன் முன் காகிதத்தையும் பேனாவையும் வைத்து, "எழுது, அவங்களுக்காக ஒரு மனு எழுது," என்று கத்தினேன். அவன் பேனாவை எடுத்தான். எதையும் கேலி செய்கிறவன், அன்று காகிதத்தின் தலைப்பில் தேதியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினான்.

"யாருக்குன்னுடா எழுதுறது?" என்றான்.

தோட்டத்தில் நடந்ததற்குத் துரையிடம்தான் முறையிட வேண்டும். அனுப்பியவரே அந்தத் துரைதான். இருந்தும் தெரிந்த இடத்துக்கெல்லாம் எழுதிப் போட்டோம். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அடுத்த விடுமுறையில் பெரகலைக்குப் போய்க் கடை கடையாக விசாரித்தேன். அப்படிப் போன குடும்பங்கள் எத்தனையோ, எதை என்று சொல்வது என்றார்கள்.

அதன் பிறகு எத்தனையோ வருடங்கள் ஆசிரியராக இருந்துவிட்டேன். மார்க் குறைந்துவிட்டது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிற மாணவர்களுக்கு, கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு மனு எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். சிலர் தேறிவிட்டேன் என்று ஓடிவந்து சொல்வார்கள். அப்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறுமியின் ஞாபகம் வரும். அன்று உண்மையில் தேறியவள் அவள்தான்; அதை அவளிடம் சொல்லத்தான் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.